ஞாயிறு பின்னேரம் கடை பூட்டு

(போயா, அதான் பௌர்ணமி லீவண்டு மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் ஒரு வாசிகசாலையில பேசினது. தம்பிமார் கேட்டதால எழுதித் தாறன்.)

எல்லாருக்கும் வணக்கம். என்ன ஏன் கூப்பிட்டாங்க எண்டு எனக்கே விளங்கல்ல, நான் ஒரு ஹாட்வெயார் கடைக்காரன், சீமெந்து, கம்பி, பிவிசி பைப் எண்டா மூச்சு விடாமக் கதைப்பன், "வேலையும் ஓய்வும்" எண்டு தலைப்பு தந்தா வேர்க்குது.

முதல்ல என்ட பழைய கணக்கு. காலம 7 மணிக்குத் திறந்தா இரவு எட்டரைக்குத்தான் ஷட்டர் இறங்கும், கிழமையில ஏழு நாளும், கூட்டிப் பாத்தா 94 மணித்தியாலத்துக்கும் மேல. கடையில நிண்ட பொடியனுக்கு அப்பிடியில்ல, 1954ல வந்த கடை, அலுவலக ஊழியர் சட்டம் இரிக்கு, நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, மேல நிண்டா ஓவர்டைம் ஒண்டரை மடங்கு. அவனுக்கு ஒழுங்காக் குடுத்தன். முதலாளிக்குத்தான் சட்டமில்லையே, என்ன நானே மாடு மாதிரிக் கட்டி அடிச்சன். மகள் ஒரு நாள் போன்ல காட்டினவ, 2021ல உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழில் அமைப்பும் சேந்து சொன்னது, கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ வேலை செய்ற ஆக்களுக்கு, 35லயிருந்து 40 செய்ற ஆக்கள விட, பாரிசவாதம் வாற சான்ஸ் 35 வீதம் கூடவாம். 94க்கு எவ்வளவு எண்டு நான் கேக்கல்ல. பயம்தான்.

அந்த ஓட்டத்த நிப்பாட்டினது நானில்ல, 2022ல வந்த பொருளாதார நெருக்கடி. டீசல் இல்ல, கரண்ட் இல்ல, சீமெந்து வரவே இல்ல, அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யுங்க எண்டு சொன்ன காலம் அது. கடையத் திறந்து என்னத்த விக்கிற? ஒரு பறுவத்தண்டு, பௌர்ணமி நாள்ல, மனிசிய சைக்கிள்ல ஏத்திக்கொண்டு கல்லடிக்குப் போனன். 2013ல புதுப் பாலம் வந்ததுக்குப் பிறகு, 1924ல கட்டின அந்தப் பழைய பாலத்தில நிண்டு ஆத்தப் பாக்க நிம்மதிதான். மனிசி சொல்றா, "இந்தப் பாலத்தால எத்தின தரம் லொறியில போயிருப்பீங்க, ஒரு நாளாவது நிண்டிருக்கீங்களா?" மறுகா ஒரு தோணிக்காரர் எங்கள ஏத்திப் போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மத்தப் பக்கம் காத வைங்க, மீன் பாடுறது கேக்கும் எண்டார். எனக்கு நுளம்புச் சத்தம்தான் கேட்டது. மனிசி கேட்டது எண்டு இண்டைக்கும் அடிச்சுச் சொல்றா, வேணுமெண்டா அவவிட்டயே கேளுங்க, முன்னுக்குத்தான் இரிக்கா.

சாமான் திரும்ப வரத் தொடங்கினதும் நான் பழைய பில் புத்தகத்த எடுத்துப் பாத்தன். யாவாரிக்கு மனசு சொன்னாக் காணாது, பில் சொல்லோணும். மூணு மாசத்து ஞாயிறு பின்னேரங்கள், வித்தது என்ன தெரியுமா, ஆணி, பல்ப், ஒரு பூட்டு, ரெண்டு எல்போ. மத்த நேரமெல்லாம் நான் ஃபேனுக்குக் கீழ இருந்து ரோட்டப் பாத்திருக்கன்! வேலை எண்டு நான் சொன்னதில அரைவாசி வேலையே இல்ல, வீட்ட போனா என்ன செய்ற எண்டு தெரியாம நிண்டது.

என்ட அப்பாக்கு அது தெரிஞ்சிருந்தது. அவர் போடியார் ஒராளுக்கு, அதான் வயல்காரப் பெரிய முதலாளிக்கு, வயல் வேலை பாக்கிற முல்லைக்காரர், மாரிப்போகம் முழுக்க வட்டைக்குள்ள, வயல்வெளி வாடியிலதான் கிடப்பார். மாசி, பங்குனியில சூடடிச்சு நெல்லு வீட்ட வந்து சேந்தா அடுத்தது கூத்துத்தான். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் வந்து ஆள்பாத்து சட்டம், அதான் அவரவர் பாடுற பகுதி, குடுப்பார், மறுகா மாசக்கணக்கா கிழமைக்குக் கிழமை பழகிற கிழமைக்கூத்து, சதங்கை அணியிற, அடுக்குப் பாக்கிற எண்டு கடைசி ஒத்திகை, எல்லாம் முடிஞ்சுதான் அரங்கேற்றம், விடிய விடிய. சம்பளம் ஆருக்கும் இல்ல, அண்ணாவியாருக்கு மட்டும் மரியாதையாக் குடுப்பாங்க, மத்த ஆக்கள் கைக்காசு போட்டு ஆடினாங்க. அப்பாக்கு சேனாதிபதி வேசம், வடமோடி எண்ட கூத்து வகை, அந்தப் பாரமான கரப்புடுப்பக் கட்டிக்கொண்டு வட்டக்களரியில, வட்டமான மேடையில, துள்ளி ஆடோணும், பாட்டு அவ்வளவா இல்ல, இருந்த கொஞ்சத்துக்கும் நாலு மாசம் பழகினவர். சொந்தமா ஒரு வயலும் இல்லாத மனுசன், ஊர்ல வயசான ஆக்கள் இண்டைக்கும் என்ன "சேனாதிபதிட மகன்" எண்டுதான் சொல்ற, ஹாட்வெயார் முதலாளி எண்டு சொல்றல்ல.

நாங்க ஓய்வ மிச்சம் விழுற நேரம் எண்டு வெச்சிரிக்கம், அதான் மிச்சம் விழுகுதே இல்ல. அவங்க நாத்துக்கும் அறுவடைக்கும் காலம் வெச்ச மாதிரி கூத்துக்கும் காலம் வெச்சாங்க, வேலை செஞ்ச அளவுக்கு அதுக்கும் பாடுபட்டாங்க. இப்ப ஓய்வெண்டா போன நோண்டுறது, எனக்கும் அதே வருத்தம்தான்.

பின்னுக்கு ஒரு தங்கச்சி கையத் தூக்கிறா. ...ஓம். "கிழமைக்கடன் கட்டுற எங்களுக்கு என்ன ஓய்வு, அதோட அப்பாமார் கூத்தாடின நேரம் அம்மாமார் என்ன செஞ்ச?" ஞாயமான கேள்வி. முதலாவதுக்கு என்னிட்ட பதில் இல்ல தங்கச்சி, செவ்வாய்க்கிழமை கடன்காரன் கடப்பு வாசல்ல வந்து நிக்கக்குள்ள ஆத்தங்கரையில போய்க் காத்து வாங்குங்க எண்டு சொன்னா அது திமிர்க் கதை. ரெண்டாவதுக்கு, அம்மா சத்தியமா, ஒழுங்கான பதில் எனக்குப் பிடிக்காது: அம்மா விடியக்காலம வரை பாயில குந்தியிருந்து கூத்துப் பாத்துப்போட்டு நேரா அடுப்படிக்குப் போனவ. அப்பா மத்தியானம் வரை நித்திர. பொம்பிளை வேசம் கூட அப்ப ஆம்பிளைதான் கட்டின. சித்திரைக்கு ஊஞ்சல் மட்டும்தான் அவக்கு எண்டு இருந்தது.

இப்ப கடையில போர்ட் போட்டிரிக்கன், ஞாயிறு பின்னேரம் 2 மணியோட பூட்டு. அண்டைக்குச் சோறு, கறியும் நான்தான், புளியாணம் மட்டும் இன்னும் சரிவரல்ல. அவசரமா ஆணி தேவையெண்டா பக்கத்துக் கடைக்குப் போங்க. அவர் பூட்டுறல்ல, ரோட்டப் பாத்துக்கொண்டுதான் இரிப்பார்.