அம்மன் கூழும் மாட்டு வயிறும்: மீலீஸுக்குப் பதில் சோளம் போட்டால் என்ன ஆகும்?

[திரை இருட்டு. இரும்புத் தாழ்ப்பாள் காற்றில் ஆடும் சத்தம்.]

ஒரு தாழ்ப்பாள், ஒரு மூட்டை கோதுமை, 220 கிலோ இளங்காளை ஒன்று. தீவன அறையின் தாழ்ப்பாளைப் போடாமல் தூங்கப் போனவன் நான்தான்.

காலையில் போய்ப் பார்த்தால் மூட்டை பாதி காலி. காளை மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இடப்பக்க வயிறு பானையைக் கவிழ்த்த மாதிரி புடைத்திருக்கிறது. சாணம் சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போகிறது, அதில் உடையாத கோதுமை மணிகள். சாயங்காலம் படுத்தது. விடிவதற்குள் போய்விட்டது.

அதன் முகத்தருகே நான் குனிந்தபோது ஒரு வாசனை அடித்தது. ஆடி மாதம் எங்கள் ஆயா மாரியம்மனுக்குக் கூழ் புளிக்க வைத்தால் வீடெல்லாம் வருமே, அதே வாசனை.

[தலைப்பு இசை]

மாட்டு வயிற்றுக்குள் கூழ் வாசனை எப்படி வந்தது? அது புரிந்துவிட்டால், மீலீஸுக்கு, அதாவது மக்காச்சோளத்துக்கு, பதில் எந்தத் தானியத்தைத் தீவனத்தில் போடலாம், எப்படிப் போட்டால் கன்று தப்பும் என்பது பாதி புரிந்த மாதிரி.

வணக்கம். டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கத்திலிருந்து பேசுகிறேன். முதலில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுகிறேன். போன வீடியோவுக்குக் கீழே ஒரு அண்ணன், "மாட்டிறைச்சி தொடாத வீட்டுப் பிள்ளைக்கு இறைச்சி மாட்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டிருந்தார். அண்ணே, என் மாமா கன்று வாங்கி வளர்த்து ஏலத்தில் விற்கிறார், தின்பதில்லை. மருந்துக்கடைக்காரர் எல்லா மாத்திரையையும் முழுங்கிப் பார்த்தா விற்கிறார்?

சரி, பின்னணியை ஓட்டிவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் கடைக்கு வரும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி கொழுக்க வைக்கும் பட்டிகளிலிருந்து வருகிறது. ஏழெட்டு மாதத்தில் பால் மறந்த கன்று 200 கிலோ சொச்சத்தில் உள்ளே போகும், நூறு நாளுக்கு மேல் தானியம் தின்று வெளியே வரும். ஹைடல்பர்க் பக்கம் ஒரே பட்டியில் ஒரு லட்சம் மாட்டுக்கு மேல் நிற்கும். ஒவ்வொன்றும் நாளைக்கு எட்டு, ஒன்பது கிலோ தின்னும். தொட்டியில் இருப்பது பெரும்பாலும் மக்காச்சோளமும் அதன் மிச்சமும்தான். 2016 வறட்சியில் நாட்டு மக்காச்சோள விளைச்சல் 80 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. அந்த ஜனவரியில் வெள்ளை மக்காச்சோளம் டன்னுக்கு 5,000 ராண்டைத் தாண்டியது. அடுத்த வருடமே மழை பெய்து 1.6 கோடி டன்னுக்கு மேல் விளைந்தது என்பது வேறு கதை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: வேறு என்ன போடலாம்?

பின்னணி முடிந்தது. எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

[காட்சி: ஆயாவின் சமையலறை. பெரிய பானை, மரக்கரண்டி.]

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள். ஊரில் இருந்தவரை அம்மனுக்குக் கேழ்வரகிலோ கம்பிலோ கூழ் காய்ச்சியவர்கள். இங்கே கேழ்வரகுக்கு எங்கே போவது? அரிசிக்குப் பதிலாகவே பல தோட்டங்களில் மீலீமீல், அதாவது மக்காச்சோள மாவுதான் அளந்தார்கள். அதனால் அம்மன் கூழும் மீலீமீலுக்கு மாறியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆடிக்கூழ் என்றால் மீலீமீல்தான், புளித்த பால் ஊற்றி. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நண்பர் குடித்துப் பார்த்துவிட்டு, "இது கூழே இல்லை" என்றார். ஆயா அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

அதாவது 'மாற்றுத் தானியம்' என்று இப்போது தீவனக்காரர்கள் பெரிய விஷயமாகப் பேசுவதை நம் ஆயாக்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். திசைதான் வேறு. அவர்கள் கம்பை விட்டு மக்காச்சோளத்துக்குப் போனார்கள், இவர்கள் மக்காச்சோளத்தை விட்டுச் சோளத்துக்குப் போகப் பார்க்கிறார்கள்.

ஒரு நிமிடம், பெயர்க் குழப்பம். இந்த வீடியோவில் 'சோளம்' என்றால் அசல் சோளம், உருண்டையாக மிளகு மாதிரி இருப்பது. ஜூலுவில் அமபேலே. இந்தக் கண்டத்தில் பிறந்து நம் ஊருக்கு வந்த பயிர். மக்காச்சோளம்தான் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. 'மீலீஸ்' என்ற பெயரே போர்த்துக்கீசிய மில்யோவின் பேரன்.

இப்போது அந்தப் புளிப்புக்கு வருவோம். இட்லிக்கு மாவு ஆட்டியவர்களுக்கு மாட்டு வயிறு நன்றாகவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. ஊறவைத்த முழு அரிசியை ஒரு பாத்திரத்தில் மூடி வையுங்கள், ராத்திரி முழுக்க வைத்தாலும் பெரிதாகப் பொங்காது. அதையே நைசாக ஆட்டி வையுங்கள். டர்பன் பிப்ரவரி வெக்கையில் காலையில் மாவு மேடையில் இறங்கி நடந்து போயிருக்கும். அரிசி அதே அரிசி. கிருமிக்கு மாவுச்சத்து எவ்வளவு சீக்கிரம் கைக்கு எட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மாட்டின் முதல் வயிறு இப்படி ஒரு மாவுப் பாத்திரம், வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். தீனியை முதலில் தின்பது மாடு அல்ல, உள்ளே இருக்கும் கோடானுகோடி கிருமிகள். அவை மாவுச்சத்தைத் தின்று அமிலமாக்கும், அந்த அமிலத்தை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், மாடு வாழ்வது அதில்தான். அசைபோடும்போது எச்சிலோடு சோடா உப்பும் இறங்கிப் புளிப்பைத் தணிக்கும். அமிலம் வரும் வேகமும் போகும் வேகமும் ஒத்துப்போனால் கன்று நாளைக்கு ஒன்றரைக் கிலோ ஏறும்.

ஒத்துப்போகாவிட்டால் என் கோதுமை மூட்டைதான். மாவுச்சத்து ஒரேயடியாக வந்து விழுந்ததும் வேறு வகைக் கிருமிகள் கை ஓங்கி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. தயிரிலும் கூழிலும் இருக்கிறதே, அதே லாக்டிக் அமிலம்தான். வழக்கமான வயிற்று அமிலங்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வீரியம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையப் புளிப்பு அதிகம். வயிற்றில் அது 5.6க்குக் கீழே போனாலே மாடு தீனியை மோந்துவிட்டுத் திரும்பும். 5ஐத் தொட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அம்மன் பானையில் நாம் ஆசையோடு காத்திருக்கும் அதே புளிப்பு, அந்த இளங்காளையைக் கொன்றது.

(இந்த இடத்தில் ஒரு லைக் போட்டீர்களென்றால் அந்தக் காளைக்கு அஞ்சலி மாதிரி இருக்கும்.)

ஆக, மாற்றுத் தானியம் என்றால் விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் வேகத்தைப் பாருங்கள். கோதுமை பறக்கும். பார்லி அதற்கு அடுத்து. மக்காச்சோளம் நிதானம். சோளம் எல்லாவற்றிலும் மெதுவு, பாட்டி மாடி ஏறுகிற மாதிரி.

"மெதுவு என்றால் நல்லதுதானே?" என்பீர்கள். அதில்தான் வில்லங்கம்.

[காட்சி: உள்ளங்கையில் சிவப்புச் சோளம். ஒன்றைக் கடித்துக் காட்டுகிறேன்.]

டக்கென்று சத்தம் கேட்டதா? பல் போகும். சோள மணிக்குள் மாவுச்சத்தைச் சுற்றி ஒரு புரதச் சுவர் இருக்கிறது, கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின மாதிரி. அந்தப் புரதத்துக்கு விஞ்ஞானத்தில் இருக்கும் பெயரை நான் இந்த நாட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். காலனிக் காலத்தில் கறுப்பர்களை ஏசிய சொல்லையே சோளத்துக்கும் பெயராக வைத்தார்கள், புரதம் அதிலிருந்து வந்த பெயரைச் சுமக்கிறது. பெயர் போகட்டும், சுவர் நிற்கிறது. முழுச் சோளத்தை அப்படியே போட்டால் கிருமி வாசலிலேயே நிற்கும், மணி பின்வழியாகப் போய்விடும்.

நம்பிக்கை இல்லையா? நானும் நம்பவில்லை. மாமா ஒரு வாரம் தீவனத்தில் கொஞ்சம் முழுச் சோளம் கலந்தார். நான் ஒரு கரண்டி சாணத்தை எடுத்துச் சல்லடையில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். பச்சைச் சக்கை ஓடிப்போய், சல்லடையில் சிவப்புச் சிவப்பாக மணிகள், கடையில் வாங்கின மாதிரியே பளபளவென்று. மாமா எட்டிப் பார்த்து, "டேய், இது நான் காசு கொடுத்து வாங்கினதுடா" என்றார். அதற்குள் கோழிகள் வந்துவிட்டன. மாட்டுக்கு வாங்கிய சோளத்தில் அந்த வாரம் எடை ஏறியது கோழிகள்தான். கேலிக்குச் சொல்லவில்லை, பெரிய பட்டிகளிலும் சாணத்தைக் கழுவிப் பார்ப்பார்கள். ஆய்வகச் சீட்டு வருவதற்கு முன்னால் சல்லடை சொல்லிவிடும்.

தீர்வு? அவல். சிரிக்காதீர்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கி அவல் செய்கிறோமே, பெரிய பட்டிகளில் தானியத்துக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நீராவியில் வைத்து, சூட்டோடு இரண்டு கனமான உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். சுவர் உடைகிறது, மாவுச்சத்து பாதி வெந்துவிடுகிறது. முழுச் சோளம் ஒரு லிட்டர் டின்னில் 700 கிராமுக்கு மேல் பிடிக்கும். நன்றாக நசுக்கிய அவல் அதே டின்னில் சுமார் 360 கிராம்தான். தரம் பார்க்கிறவர்கள் எடை பார்ப்பது இப்படித்தான். நானும் ஆயாவின் இட்லிச் சட்டியில் நாற்பது நிமிடம் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தேன். 450 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை, தோள்பட்டைதான் இறங்கியது. இட்லிச் சட்டிக்கு வாங்கிய திட்டு தனி வீடியோ.

நன்றாக அவலாக்கிய சோளம் மக்காச்சோளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். வெறுமனே உடைத்துப் போட்டால் அதற்குப் பத்து, பதினைந்து சதவீதம் கீழே. ஆனால் அவலாக்கியதும் அதற்கும் வேகம் வந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். பாட்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டோம்.

இன்னொரு சமாச்சாரம், துவர்ப்பு. இங்கே சிவந்த அலகுள்ள குவேலியா குருவிகள் லட்சக்கணக்கில் கூட்டமாக இறங்கினால் ஒரு சோளக்காடு ஒரே நாளில் காலி. அதற்காகவே குருவி தொடாத துவர்ப்பு ரகங்களைப் போடுவார்கள். பாக்கு மென்றால் நாக்கு இழுக்குமே, அதே மாதிரித் துவர்ப்புச் சத்து. அது மாட்டு வயிற்றிலும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. குருவியிடமிருந்து தப்பித்த சோளம் மாட்டிடமிருந்தும் தப்பித்துவிடும். தீவனத்துக்கு வாங்கினால் துவர்ப்பில்லாத ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி. பார்லி: மேற்குக் கேப்பில் பீர் ஆலை கழித்துவிட்டது கிடைத்தால் நல்ல தீனி. கனடாவின் ஆல்பர்ட்டாவில் மாடு கொழுப்பதே அதில்தான். ஓட்ஸ்: உமி அதிகம், சத்து குறைவு, புதிதாக வந்த கன்றுக்குப் பயமில்லாத முதல் தானியம். டிரிட்டிகேல்: கோதுமைக்கும் ரைக்கும் மனிதன் செய்துவைத்த கல்யாணம், குணம் கோதுமை பக்கம். ரை: கதிரில் கறுப்புக் கொம்பு மாதிரிப் பூஞ்சை இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கம்பு: புரதம் மக்காச்சோளத்தைவிட அதிகம், மணி சிறிது, அரைக்காமல் போட்டால் கோழிக்குத்தான். கோதுமை: என் கதையைக் கேட்டீர்கள்.

இப்போது என் கருத்து, திட்டுகிறவர்கள் திட்டலாம். தென்னாப்பிரிக்காவில் சோளத்தைப் பெரிய மாற்று என்று பேசுவது கொஞ்சம் கனவு. மக்காச்சோளம் கோடி டன்னுக்கு மேல் விளைகிற நாட்டில் சோளம் சில வருடம் ஒரு லட்சம் டன்னைத் தொடவே தள்ளாடுகிறது. அதிலும் நல்லதைப் பீருக்கு முளைகட்டும் மால்ட்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள். நடைமுறையில் மாற்று வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளை மக்காச்சோளத்தைப் பாப்புக்கும் (இந்த ஊர்க் களி) மீலீமீலுக்கும் அரைக்கும்போது தவிடும் முளையும் கொஞ்சம் மாவும் மிஞ்சும், இங்கே ஹோமினி சாப் என்பார்கள். கொழுப்பு கொஞ்சம் கூடுதல், மாவுச்சத்து கொஞ்சம் குறைவு, மாடு ஆசையாகத் தின்னும். பூஞ்சை நஞ்சு இருந்தால் தவிட்டில்தான் அதிகம் சேரும், அதனால் மூட்டையைத் திறந்ததும் மோந்து பாருங்கள், ஆனால் வாடை இல்லை என்பதால் நஞ்சும் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்தால், ஆயா அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அதே மணியின் மிச்சம்தான் மாமாவின் தொட்டியில் கிடக்கிறது.

அப்புறம் மொலாசஸ். நம் பாட்டன்மார் வெட்டிய கரும்பின் கடைசிப் பாகு. தூசியை அடக்கும், வாய்க்கு ருசி கூட்டும். தீவனத்தில் பத்துக்கு ஒரு பங்கைத் தாண்டவிடாமல் வைத்துக்கொள்வது வழக்கம், தாண்டினால் சாணம் இளகும்.

எந்தத் தானியத்துக்கு மாறினாலும் கிருமிகளுக்குப் பழக நாள் கொடுக்க வேண்டும். மாமா இப்போது மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார். முதலில் வைக்கோல் அதிகம், தானியம் குறைவு. நாலைந்து நாளுக்கு ஒரு படி ஏற்றம். கடைசிவரை கொஞ்சம் வைக்கோல் தொட்டியில் கிடக்கும், அசைபோட்டால்தானே எச்சில் ஊறும். தீவன அறையில் இப்போது இரண்டு தாழ்ப்பாள். இரண்டையும் நான் போட்டேனா என்று மாமா தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

[காட்சி: ஆயா கரண்டியை நீட்டுகிறார். "இதையும் மாட்டுக்கு ஊத்தப் போறியா?"]

இல்லை ஆயா, இது எனக்கு.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், தமிழ்நாடு, எங்கிருந்து பார்த்தாலும் சரி, உங்கள் வீட்டு ஆடிக்கூழில் என்ன தானியம்? கேழ்வரகா, கம்பா, மீலீமீலா? கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் இட்லிச் சட்டி வழக்கு.