இளம் சிங்கிள் மால்ட்டும் ஒயின் பீப்பாயும்

[காட்சி: வெள்ளைத் துணி விரித்த மேசை. அடி அகன்று வாய் குறுகிய நான்கு கிளாஸ்கள். வெளிர் மஞ்சளில் தொடங்கிச் செம்பழுப்பு வரை நிறங்கள்.]

நான்கிலும் இருப்பது சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் மால்ட் (முளைகட்டிய) பார்லியிலிருந்து வடித்த விஸ்கிதான். முன்பு வேறு மது இருந்த பீப்பாய்களில் ஊறியவை, எதற்கும் ஐந்து வயது தாண்டவில்லை. வடித்து இறக்கும்போது இது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். ஸ்காட்லாந்துச் சட்டப்படி 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர்.

3, 4 வயது விஸ்கியை ‘இன்னும் பச்சை’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வருடம் ஊறியதில் எது ஸ்பிரிட் (வடித்த மது), எது மரம் என்று பிரித்துச் சொல்வது கடினம். இளசில் இரண்டும் தனித்தனியாகப் பேசும். பீப்பாய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இளம் விஸ்கிதான் சரியான இடம்.

[காட்சி: முதல் கிளாஸ், வெளிர் மஞ்சள்.]

இது ஒயின் பீப்பாய் இல்லை, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய். நமக்கு அளவுகோலாக இருக்கட்டும். கிளாஸுக்கு 15 மில்லி போதும். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், காட்டம் ஏறி வாசனையே தெரியாமல் போய்விடும். விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். பேரிக்காய், பச்சை ஆப்பிள், நனைந்த தானியம், பின்னால் கொஞ்சம் வெனிலா. பழமும் தானியமும் ஸ்பிரிட்டுடையவை, வெனிலா ஓக்குடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: இரண்டாவது கிளாஸ், பொன் நிறம்.]

சோத்தர்ன் பீப்பாய். பிரான்சின் இனிப்பு வெள்ளை ஒயின் இருந்தது. தேன், ஆப்ரிகாட். அந்தப் பேரிக்காய் வாசனையோடு சண்டை போடாமல் சேர்ந்துகொள்கிறது. இளம் ஸ்பிரிட்டுக்கு இதைவிட இதமான பீப்பாய் குறைவு.

[காட்சி: மூன்றாவது கிளாஸ். வெளிச்சத்தில் லேசான ரோஜா நிறம்.]

இங்கேதான் நிதானிக்க வேண்டும். 225 லிட்டர் சிவப்பு ஒயின் பீப்பாய். அளவு சிறியது, அதனால் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக மரம் படுகிறது. பலகைக்குள் ஒயினும் ஊறிக் கிடக்கிறது. முதலில் செர்ரி, ராஸ்பெரி என்று அழகாக வரும். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களைக் கவனியுங்கள்: வறண்டு, இழுத்துப் பிடிக்கும். அது மரத்திலும் சிவப்பு ஒயினிலும் உள்ள டேனின் என்ற பொருளின் துவர்ப்பு. அளவோடு இருந்தால் விஸ்கிக்கு முதுகெலும்பு, மிஞ்சினால் பார்லி காணாமல் போய்விடும்.

[காட்சி: சொட்டுக் குழாயிலிருந்து மூன்று சொட்டுத் தண்ணீர். கிளாஸுக்குள் மெல்லிய இழைகள் நெளிகின்றன.]

சரி, இப்போது மூன்றே சொட்டு. ஒரு நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். காட்டம் தணிந்து, செர்ரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த தானியம் எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் பீப்பாய் ஸ்பிரிட்டோடு கலந்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஒயினும் மரமும் மட்டுமே வந்தால், அது வெறும் பூச்சு.

துவர்ப்பை அடக்க ஒரு வழி உண்டு. பீப்பாயின் உட்புறத்தைச் சீவி, வாட்டி, மீண்டும் கருக்குவார்கள். விஸ்கி ஆலோசகர் டாக்டர் ஜிம் ஸ்வான் பரப்பிய முறை. அவர் ஆலோசனை சொன்ன தைவானின் கவலான் வடிசாலை 2006இல்தான் வடிக்கத் தொடங்கியது. அவர்களுடைய ஒயின் பீப்பாய் விஸ்கியான சோலிஸ்ட் வின்யோ பாரிக், 2015இல் வேர்ல்ட் விஸ்கீஸ் அவார்ட்ஸில் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் ஆனது. அப்போது அதற்குப் பத்து வயது ஆகியிருக்கவே முடியாது. வெப்பமான இடத்தில் மரம் வேகமாக வேலை செய்யும், ஆவியாகிப் போவதும் அதிகம்.

[காட்சி: நான்காவது கிளாஸ், செம்பழுப்பு.]

ஸ்பெயினின் ஒலோரோசோ ஷெர்ரி ஒயின் பீப்பாய். உலர் திராட்சை, வால்நட், ஆரஞ்சுத் தோல். சிலவற்றில் எரிந்த தீக்குச்சி வாசனை வரும். அது கந்தகம். கொஞ்சமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. நிறத்தைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள், கேரமல் நிறம் சேர்க்க ஸ்காட்லாந்தில் அனுமதி உண்டு.

அப்புறம், கிளாஸ்களை உடனே கழுவிவிடாதீர்கள். கால் மணி நேரம் காலியாக விட்டு, ஒவ்வொன்றாக எடுத்து முகருங்கள். ஆல்கஹால் பறந்த பிறகு அடியில் மிஞ்சுவது மரமா, ஒயினா, பார்லியா என்று தெளிவாகத் தெரியும்.

[காட்சி: காலியான மூன்றாவது கிளாஸ், அடியில் காய்ந்த ஒரு துளி.]