நாயின் கண்ணும் செத்த குதிரையும்

(சிட்னியின் மேற்குப் பகுதியில், தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நகர மன்ற உறுப்பினர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, பள்ளி முதல்வர் அவர்களே, வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமையும் ஓய்வெடுக்காமல் வந்து பாடம் நடத்தும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிகளே, அப்பப்பா அம்மம்மாக்களே, குழந்தைகளே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நாம் கூடியிருக்கும் இந்த மண், இங்கே ஆதிகாலம் தொட்டு வாழும் பூர்வகுடிகளான தாருக் மக்களின் மண். அவர்களுடைய முன்னோருக்கும் இன்றைய மூத்தோருக்கும் என் வணக்கம்.

நகர மன்ற உறுப்பினருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர், விழா தொடங்கியதிலிருந்து இருக்கையை விட்டு எழவில்லை. நம் பிள்ளைகளின் நாடகத்துக்கு முதலில் கைதட்டியவரும் அவர்தான். செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். செயலாளர் அவர்களே, நான் பேசி முடிக்கும்வரை தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஆஸ்திரேலிய ஸ்லாங்கும் சொல் விளையாட்டும் என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஸ்லாங் என்றால் ஊரார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கொச்சைச் சொற்கள். ஓசையால் மறைப்பது, சுருக்கிச் சொல்வது, பத்திரிகைக் குறுக்கெழுத்து என்று மூன்று பகுதிகளாகப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு விடுகதை.

நாயின் கண்ணைத் தட்டில் வைத்தார்கள், செத்த குதிரையை அதன் மேல் ஊற்றினார்கள், சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள். அது என்ன?

பெரியவர்கள் முகம் சுளிக்கிறீர்கள். பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் அதற்குள் கையைத் தூக்கிவிட்டார்கள், பாருங்கள். கால்பந்து மைதானத்தில் எல்லோரும் வாங்கிச் சாப்பிடுகிற, இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட மீட் பைதான் அது. மேலே ஊற்றியது தக்காளி சாஸ். 'மீட் பை' என்பதோடு 'டாக்ஸ் ஐ' ஓசை ஒத்துப்போகிறது. 'சாஸ்' என்பதை இந்த ஊர்க்காரர் சொல்லும்போது அது 'ஹார்ஸ்' என்பதோடு ஒத்துப்போகிறது. ஆகவே 'டெட் ஹார்ஸ்'. கடைசி ஓசை ஒன்றிவருவதை நம் யாப்பில் இயைபு என்போம். இயைபை வைத்துச் சொல்லை ஒளித்துவைக்கும் இந்தப் பழக்கம் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தது. இங்கே வந்ததும் இந்த ஊர்ச் சரக்கைச் சேர்த்துக்கொண்டது. பார்வைக்குக் 'கேப்டன் குக்', ஏனென்றால் 'லுக்'. பாம்புக்கு 'ஜோ பிளேக்', ஏனென்றால் 'ஸ்நேக்'.

இதில் இன்னொரு படியும் உண்டு. சுறாவுக்கு 'நோவாஸ் ஆர்க்', ஏனென்றால் 'ஷார்க்'. பேசிப் பேசிப் பழகியதும் ஓசை ஒத்துப்போகிற பாதியை விட்டுவிட்டு 'நோவா' என்று மட்டும் சொன்னார்கள். பூட்டை வைத்துக்கொண்டு சாவியைக் கடலில் எறிந்தாகிவிட்டது. வெளியூர்க்காரர் எப்படித் திறப்பார்?

பிரதமர் ஒருவரின் பெயரே இந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டது. 1967 டிசம்பர் 17 அன்று விக்டோரியாவில், போர்ட்ஸிக்குப் பக்கத்தில் செவியட் கடற்கரையில் நீந்தப் போன பிரதமர் ஹரால்ட் ஹோல்ட் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இன்றும் சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறவரை 'ஹரால்ட் ஹோல்ட் பண்ணிவிட்டார்' என்பார்கள். 'ஹோல்ட்' என்பதற்கு 'போல்ட்' இயைபு, அதாவது ஓடிப்போவது. ஓசையும் பொருந்துகிறது, நடந்த கதையும் பொருந்துகிறது. காளமேகப் புலவரின் சிலேடை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இரட்டைப் பொருத்தத்தின் அருமை தெரியும். ஆனாலும் அது ஒரு மனிதரின் சாவு. பிள்ளைகளே, இடம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் இப்படி ஒளித்துப் பேசினார்கள்? இந்தக் குடியேற்றத்தின் தொடக்கமே அப்படித்தான். பிரிட்டன் நாடுகடத்திய கைதிகளோடு 1788-இல் வந்த கடற்படை அதிகாரி வாட்கின் டென்ச், கைதிகளின் குழூஉக்குறி புரியாமல் நீதிமன்றத்தில் அடிக்கடி மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். பேசினவரும் ஆங்கிலேயர், நீதிபதியும் ஆங்கிலேயர். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்! 1812-இல் நியூகாசிலில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹார்டி வோ என்ற கைதி அந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதி ஓர் அகராதி தயாரித்தார். 1819-இல் அது அச்சானது. இந்த நாட்டில் தொகுக்கப்பட்ட முதல் ஆங்கில அகராதி என்று அதைச் சொல்கிறார்கள்.

ஔவையார் பெயரால் நாம் எல்லோரும் சொல்வோமே, 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று. எந்த மேடைக்குப் போனாலும் நான் இதைச் சொல்லாமல் வருவதில்லை. இன்றும் பல தடவை சொல்லத்தான் போகிறேன். நாப்பழக்கம் என்றால் என்ன என்பதற்குச் சிட்னியிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

1964 கடைசியில் மோனிகா டிக்கன்ஸ் என்ற எழுத்தாளர் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு வந்தார். சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தி. புத்தகக் கடையில் உட்கார்ந்து வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். வரிசை நகர்கிறது. ஒவ்வொருவரும் புத்தகத்தை நீட்டுகிறார்கள், பெயரைச் சொல்கிறார்கள், இன்னாருக்கு அன்புடன் என்று இவர் எழுதுகிறார். அடுத்து ஒரு பெண்மணி வருகிறார். புத்தகத்தை நீட்டி, 'எம்மா சிசிட்' என்கிறார். நல்ல பெயர்தான். எம்மா என்று இங்கிலாந்தில் எத்தனையோ பேர் உண்டு. சிசிட் ஏதோ குடும்பப் பெயராக இருக்கும். எம்மா சிசிட்டுக்கு என்று எழுதிவிட்டார். அந்தப் பெண்மணியோ, இல்லை இல்லை, 'எம்மா சிசிட்?' என்று மறுபடியும் கேட்கிறார். என்ன கேட்டார்? குழந்தைகளே, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எம்மா... சிசிட்... இன்னும் கொஞ்சம் வேகமாக. ஆமாம், அதேதான்! 'ஹவ் மச் இஸ் இட்?' புத்தகம் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். தொடக்கத்தில் இருந்த ஹகரம் போய்விட்டது, நான்கு சொற்களும் ஒட்டிக்கொண்டன, விலை கேட்டவர் எம்மா சிசிட் ஆகிவிட்டார்.

சிட்னி மார்னிங் ஹெரால்டில் இது செய்தியாக வந்தது. ஊரே சிரித்தது. அதைப் படித்து அலஸ்டெயர் மாரிசன் என்ற ஓவியர் இப்படி ஒட்டிக்கொண்ட சொற்களைத் தேடிப் பிடித்து எழுதத் தொடங்கினார். 1965-இல் அது புத்தகமாகவும் வந்தது. தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அஃபர்பெக் லாடர். அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர்', அகர வரிசை! கண்ணால் படித்தால் பிடிபடாது, நாக்கால் படித்தால்தான் பிடிபடும். 'எக் நிஷ்னர்' என்றால் ஏர் கண்டிஷனர். ஒரு தொடரை வேறுவிதமாகப் பிரித்தால் வேறு பொருள் தருகிற நம் பிரிமொழிச் சிலேடையைத் தலைகீழாகப் போட்டால் இதுதான். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை நாம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். சிட்னி ஆங்கிலமும் நாப்பழக்கம்தான்.

சரி, இரண்டாவது பகுதி. பிற்பகல் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் 'சர்வோ', ஆம்புலன்ஸில் வருகிறவர் 'ஆம்போ'. ஆனால் தபால்காரர் 'போஸ்டி', கொசு 'மொஸி', காலை உணவு 'பிரெக்கி'. எதற்கு ஓகாரம், எதற்கு இகரம்? இங்கே பிறந்த குழந்தைக்குத் தானாக வருகிறது. இலக்கணம் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2013-இல் இந்நாட்டில் தன் சில கடைகளின் பலகையையே 'மக்காஸ்' என்று மாற்றியது. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்த 'செல்ஃபி'யும் இந்த ஊர்ப் பிள்ளைதான். 2002-இல் ஆஸ்திரேலியர் ஒருவர் இணையத்தில் எழுதியதுதான் அதற்குக் கிடைத்திருக்கும் பழைய சான்று.

இந்த மண்ணின் மக்கள் தந்த சொற்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். கடும் உழைப்புக்கு 'ஹார்ட் யக்கா' என்கிறோமே, அந்த 'யக்கா' பிரிஸ்பேன் பகுதியின் யகாரா மொழியிலிருந்து வந்தது. 'கூயீ' என்று கூப்பிடுவது இதே தாருக் மொழி. நம் பாரமட்டா ரக்பி அணிக்கு ஏன் விலாங்கு மீன் பெயர் வைத்தார்கள்? பாரமட்டா என்ற பெயரே விலாங்குகள் இருக்கும் இடம் என்ற பொருளுடைய தாருக் சொல். தினமும் அந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிற நமக்குக் கண்ணெதிரில் ஒரு விடுகதை எழுதி வைத்திருக்கிறது.

இனி நான் உண்மையில் பேச வந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். ஒரு நாள் மருத்துவரைப் பார்க்கப் போனார். வரவேற்பில் இருந்த பெண் அன்பாக, 'ஃபீலிங் குரூக், டார்ல்?' என்று கேட்டிருக்கிறார். உடம்பு சரியில்லையா அம்மா என்று அர்த்தம். பாட்டி ஊரில் ஆங்கிலம் படித்தவர். குரூக் என்றால் திருடன், ஏமாற்றுக்காரன் என்றுதான் அவருக்குத் தெரியும். மருத்துவரைப் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். என்னை ஏன் அப்படிக் கேட்டாள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பேரன்தான் விஷயத்தைக் கேட்டு விளக்கினான். அந்தப் பாட்டிக்கு நூறு விடுகதை தெரியும். அந்தப் பேரனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. பேரனுக்கு இந்த ஊர் ஸ்லாங் அத்தனையும் தெரியும். பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் இந்நாட்டில் ஏறத்தாழ 95,000 பேர். நாம் பள்ளி நடத்துகிறோம், விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். முதியவரும் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஓர் இடம் வைத்திருக்கிறோமா? நாப்பழக்கம், நாப்பழக்கம் என்கிறோம். நாக்குக்கு எதிரில் ஒரு காது வேண்டாமா?

ஆகவே நகர மன்ற உறுப்பினர் அவர்களே, நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, எங்கள் கோரிக்கை இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நேரம், நூலகத்தில் ஓர் அறை. பெயர் 'விடுகதை நேரம்'. ஒரு பக்கம் தாத்தா பாட்டிகள், மறுபக்கம் பேரப்பிள்ளைகள். பெரியவர் ஒரு தமிழ் விடுகதை போட வேண்டும். பிள்ளை ஓர் ஆஸ்திரேலியச் சொல்லை விடுகதையாக்கித் தமிழில் போட வேண்டும். விடை சொல்லும்வரை யாரும் போனை எடுக்கக் கூடாது. செலவு என்று பார்த்தால் நாற்காலியும் தேநீரும்தான், தேநீரை நாங்கள் கொண்டுவருகிறோம். நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் பிற மொழிப் புத்தகங்களை உள்ளூர் நூலகங்களுக்குக் கடனாக அனுப்புகிறது. தமிழ்ப் புத்தகங்களும் அந்த அறையில் ஒரு அலமாரியில் இருந்தால், விளையாட வந்தவர்கள் கையோடு எடுத்துப் போவார்கள்.

நம்மால் முடியுமா என்று யாரும் கேட்க வேண்டாம். நான் போட்டுப் பார்த்த விடுகதைகளைச் சொல்கிறேன், கேளுங்கள். தலைமுடி செம்பட்டை, கூப்பிடும் பெயரோ நீலம், யார்? செம்பட்டை முடிக்காரரை இந்த ஊரில் 'புளூயி' என்பார்கள். கத்துவது உன் முறை என்றார்கள், கத்தவில்லை, காசுதான் போனது, அது என்ன? 'ஷவுட்', கூட வந்தவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுப்பது. பல்லி தண்ணீர் குடிக்கிறது, எனக்குத் தலை நிமிர நேரமில்லை, அது என்ன? தலைக்கு மேல் வேலை இருப்பவரைத் 'தண்ணீர் குடிக்கும் பல்லி மாதிரி' என்பது இவர்கள் வழக்கு. பல்லி குடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பு தரையோடு தரையாகக் கிடக்கும், நாக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது பகுதியான குறுக்கெழுத்துக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதையும் அந்த அறையிலேயே வைத்துக்கொள்வோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை 'ஆர்வோ' என்றால் அதட்டாதீர்கள். பாட்டியிடம் போய் அதை விடுகதையாகப் போடு என்று அனுப்புங்கள். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். பழக ஆள் வேண்டும்.

கோரிக்கை மனு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் பெயர், முகவரியோடு கையெழுத்துப் போடுங்கள். பெரியவர்கள் தமிழிலேயே போடலாம். உறுப்பினர் அவர்கள் கிளம்புவதற்குள் அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதால், சாப்பாட்டு வரிசைக்குப் போகும் முன்பே போட்டுவிடுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.