ஸ்டூல் முட்டுக் கொடுத்த ஃபிரிட்ஜ்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு 16 வயது. கதவு ரப்பர் தளர்ந்து, இரவில் கதவு தானே திறந்துகொள்கிறது. ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். அரிசி தீர்ந்தால் அன்றைக்கே கடைக்கு ஓட வேண்டும். ஃபிரிட்ஜை மாற்றுவதையோ மூன்று தீபாவளிகளாகத் தள்ளிப்போட்டு வருகிறோம்.

கார், ஏசி, தொலைக்காட்சி போன்ற நீடித்து உழைக்கும் பொருள்களின் உற்பத்தி எந்த நாட்டிலும் சீராக ஓடாததற்கு இதுதான் காரணம். வாங்குவதை ஒத்திப்போடலாம், முந்திக்கொள்ளவும் செய்யலாம். 2014 ஏப்ரலில் ஜப்பான் நுகர்வு வரியை 5 சதவீதத்திலிருந்து 8 ஆக உயர்த்தியது. அதற்குமுன் வாங்கிவிட மக்கள் முண்டியடித்தார்கள். பிறகு விற்பனை படுத்துவிட்டது. இந்தியாவில் 2025இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறையப்போகிறது என்றதும், செப்டம்பர் 22 வரட்டும் என்று பலர் காத்திருந்தார்கள். சீன அரசு, தயங்குபவர்களை மானியம் கொடுத்தே கடைக்கு இழுக்கிறது. 2009இல் கிராமப்புற வீடுகளுக்கு விலையில் 13 சதவீதம் கொடுத்தது. 2024இல் பழையதைத் தந்து புதியது வாங்கினால் 15 முதல் 20 சதவீதம், ஒரு பொருளுக்கு அதிகபட்சம் 2,000 யுவான். அடுத்த ஆண்டு வாங்கவேண்டியதை இந்த ஆண்டே வாங்கவைக்கும் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே, இப்பொருள்களின் உற்பத்தியில் ஒரு நாட்டில் இத்தனை சதவீத வளர்ச்சி, இன்னொன்றில் இவ்வளவு சரிவு என்று அடுக்கும் பட்டியலைப் பார்த்தால் சற்று நிதானிப்பேன். 2020 ஏப்ரலில் ஊரடங்கால் ஆலைகள் பூட்டிக்கிடந்தபோது, இந்தியாவில் இப்பொருள்களின் உற்பத்தி முந்தைய ஏப்ரலைவிட 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. நூறு பத்தாகி மறுபடி நூறானால், கணக்கில் அது 900 சதவீத வளர்ச்சி! பழைய நிலையைத் தாண்டி ஒரு ஏசிகூடக் கூடியிருக்காது. பண்டிகையும் கணக்கைக் குழப்பும். தீபாவளி ஓராண்டு அக்டோபரில் வருகிறது, மறு ஆண்டு நவம்பரில்; முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சீனப் புத்தாண்டும் இப்படித்தான் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே நகரும். அதனால் சீனப் புள்ளியியல் துறை அவ்விரு மாதத் தொழில் உற்பத்தியையும் சேர்த்தே வெளியிடுகிறது. அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஜப்பானியர்கள் 1950களில் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், ஃபிரிட்ஜ் மூன்றையும் 'மூன்று புனிதப் பொக்கிஷங்கள்' என்றார்கள். இன்று அங்கே பழையதை மாற்றுபவர்கள்தான் அதிகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தன் வீட்டு உபயோகப் பொருள் தொழிலை 2016இல் சீனாவின் மிடியா நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இங்கேயோ முதல் ஏசிக்குப் பணம் சேர்க்கும் வீடுகள் ஏராளம்.

சென்ற வாரம் மெக்கானிக் வந்து பார்த்தார். ரப்பரை மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார். மாற்றச் சொல்லிவிட்டேன்.

நன்றி, வணக்கம்.