லீவு முடிந்த மறுநாள்

வணக்கம். கோவை சுற்றுவட்டாரப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குப் பல வருடமாக வைத்தியம் பார்த்து வருகிறேன். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலோ, அதைச் சீவி இழையாக்கும் கார்டிங்கிலோ வேலை பார்ப்பவர் இருமலோடு வந்தால், எத்தனை நாளாக இருமல் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்றைக்கு எப்படி இருக்கிறது?"

பலர் சிரிப்பார்கள். "அன்னைக்குத்தானுங்க நெஞ்சு இறுக்கிப் புடிக்குது. ரெண்டாம் நாள் தானாச் சரியாயிருதுங்க." ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் மேல் பழி போடுவார்கள். சிலர் வீட்டில் பழி பாட்டிலின் மேல் விழும்.

பழி பஞ்சுத் தூசியின் மேல் விழ வேண்டியது. பஞ்சோடு கலந்து வரும் இலைச்சருகுத் தூளில் பாக்டீரியாவின் நச்சும் ஒட்டியிருக்கும். தினமும் சுவாசிக்கும்போது உடம்பு அதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மறுபடி உள்ளே போன சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. பிசினோசிஸ் என்று இதற்குப் பெயர். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்பது பழைய செல்லப்பெயர். நம் ஊர் மில்களில் வார லீவு ஆளுக்கொரு நாள். அதனால் ஒருவருடைய 'திங்கள்' வியாழனாகக்கூட இருக்கும். ஒரே பிரிவில் நான்கு பேருக்கு ஒரே தொந்தரவு இருந்தாலும் மேஸ்திரி கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

வேலைக்குப் போகப் போகச் சரியாகிவிடுகிறதே என்ற நிம்மதிதான் ஆளை ஏமாற்றுகிறது. முதலில் ஒரு நாள் இருந்த இறுக்கம், வருடங்கள் போகப் போக இரண்டு மூன்று நாளுக்கு நீளும். அப்புறம் எல்லா நாளும் இருக்கும். கடைசியில் வேலையை விட்டாலும் மூச்சு முழுசாகத் திரும்பாது. பீடி பிடிப்பவருக்கு இன்னும் மோசம். ஆரம்பத்திலேயே தூசி குறைந்த பிரிவுக்கு மாறினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய்க் கருவி போதும். லீவு முடிந்த முதல் ஷிப்டுக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை ஊத வேண்டும். அளவு நன்றாக இறங்கியிருந்தால் சந்தேகப்படலாம். வருடாந்திரப் பரிசோதனைக்காரர்கள் தங்களுக்குத் தோதான நாளில் வந்து ஊதச் சொல்கிறார்கள், எல்லோரும் 'நார்மல்'. எனக்கு இதில்தான் கோபம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இந்த நோயைக் கண்ட மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 'சளி' என்று சீட்டில் எழுதிவிட்டால் எதைத் தெரிவிப்பது?

ஷிப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயை மேலே அடித்துத் துணியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொள்கிறீர்களே, அதை இன்றே விடுங்கள். தூசி நேரே மூக்குக்குத்தான் போகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் லீவு நாளுக்கு ஒரு வட்டம், இருமல், நெஞ்சு இறுக்கம் வந்த நாளுக்கு ஒரு புள்ளி. ஒரு மாதம் போதும். வட்டத்துக்கு அடுத்த கட்டத்திலேயே புள்ளி திரும்பத் திரும்ப விழுந்தால், அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ மருத்துவரிடம் போங்கள். பால் கணக்கை வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம்.