கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் நமக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். கீமோ பெரும்பாலும் 14 நாள், 21 நாள், 28 நாளுக்கு ஒரு சுற்று என்று போகும். அதில் மருந்து ஏறுவது சில மணி நேரம். மற்றதெல்லாம் வீட்டில்தான். முன்பு இப்படி இல்லை. வாந்தியைச் சமாளிக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தே மருந்து கொடுத்த காலம் உண்டு. 1991-இல் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒன்று வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான், இன்னொன்று, கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம். இந்த மாதிரி மருந்துகள் புழக்கத்துக்கு வரவர, கீமோ முடிந்த அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் வார்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்த வீடு அடுக்குமாடியில் இருந்தால் சுவர், லிஃப்ட், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பல குடும்பங்களோடு பங்குபோட்டுக்கொண்டு அந்த வார்டை நடத்த வேண்டும். நான் டாக்டர் இல்லை. என் அக்கா என் ஃபிளாட்டில் தங்கித்தான் குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் லிஃப்டைப் பற்றிச் சொல்கிறேன். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. மருந்து ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும். சில்லென்ற தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே நின்றுவிடுமோ என்று பயம் வரும். நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். நாங்களும் ஃபிரிட்ஜைத் திறக்கக் கையுறை வாங்கி வைத்தோம். லிஃப்டின் எவர்சில்வர் பொத்தானை யாரும் யோசிக்கவில்லை. அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அதை அழுத்துவாள். மாடிப்படிக் கைப்பிடியும் இரும்புதான். அதைப் பிடிக்காமல் ஏறினால் கால் தடுமாறும். ஆகவே இந்த மருந்து எடுப்பவர்கள் கையுறையை ஃபிரிட்ஜ் மேல் வைக்காமல் வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.

அவள் இடுப்பில் ஒரு சின்னப் பையும் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஏறி முடிந்ததும், 46 மணி நேரம் மெல்ல இறங்க வேண்டிய இன்னொரு மருந்தைப் பம்பில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பேட்டரி கிடையாது, சத்தமும் கிடையாது. பிளாஸ்டிக் புட்டிக்குள் ஒரு பலூன், அது சுருங்கச் சுருங்க மருந்து இறங்கும். பெரியவர்கள் அந்தப் பையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். கீழ்வீட்டுச் சிறுவன்தான் நேராகக் கேட்டான், "ஆன்ட்டி, பைக்குள்ள என்ன?" என்று. அக்கா ஜிப்பைத் திறந்து காட்டினாள். மறுநாள் பலூன் எவ்வளவு சின்னதாகியிருக்கிறது என்று பார்க்க வாசலில் வந்து நின்றான். அவனுக்குச் சளி இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உள்ளே விட்டேன், அது வேறு விஷயம்.

அடுத்தது கழிப்பறை. பேசச் சங்கடமான விஷயம். ஆனால் பேசியே ஆக வேண்டும். கீமோ மருந்து சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். பொதுவாக 48 மணி நேரம் கவனம் தேவை என்பார்கள், சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதல். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் மூடியை மூடி இரண்டு முறை ஃபிளஷ் செய்ய வேண்டும். கறைபட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவைக்க வேண்டும். ஒரே கழிப்பறைதான் இருக்கிறது என்றாலும் இப்படிச் செய்தால் மற்றவர்களும் பயன்படுத்தலாம். இன்னொன்று, டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறியவர்களுக்கு ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான். தெரியாதவர்கள் ரத்தம் என்று அலறிவிடுவார்கள்.

இங்கே இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு முறை ஃபிளஷ் என்றால் தண்ணீர் வேண்டும். தொட்டி கழுவுகிற தேதியும் மோட்டார் பழுது பார்க்கிற தேதியும் கீமோ நாளோடு மோதக் கூடாது. சங்கத்தில் கேட்டால் தள்ளிவைப்பார்கள். இரண்டாவது, உங்கள் வீட்டுக் கழிப்பறையைக் கழுவ ஒருவர் வருகிறார் என்றால் அவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். கையுறை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் அந்த வேலையே கொடுக்காதீர்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைத்துவிட்டு, அவரை மட்டும் வெறுங்கையோடு கழுவ விடுவது நியாயமில்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

வாசனை பற்றித் தனியாகவே பேசலாம். கீமோ எடுப்பவர்களுக்கு மூக்கு ரொம்பக் கூர்மையாகிவிடும். பக்கத்து வீட்டில் எண்ணெய் காய்ந்தால் இங்கே குமட்டும். சமையலறைப் புகையும் பாத்ரூம் ஜன்னலும் ஒரே சந்தில் திறக்கிற கட்டடங்களில் இது பெரிய தொல்லை. சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுத்தால் வாசனை குறையும், சாப்பிடுவார்கள். ஆனால் எங்களைத் திணறடித்தது சமையல் இல்லை, லிஃப்ட் வாசலில் வைத்திருந்த சானிடைசர். ஆஸ்பத்திரியிலும் அதே வாசனை. ஊசி எதுவும் போடாத நாளில்கூட அதை முகர்ந்ததும் அக்காவுக்கு வாந்தி வரும். மூளை அந்த வாசனையையும் வாந்தியையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது, அதற்கு மாத்திரையும் உண்டு. நாங்கள் வாசனை இல்லாத புட்டி ஒன்றை வாங்கி வைத்தோம். யாருமே கவனிக்கவில்லை.

இரவு நேரம் வேறு மாதிரி. வாந்திக்காகக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அதை எடுத்த நாட்களில் தூக்கம் வராது. நள்ளிரவில் அக்கா அலமாரியை அடுக்குவாள், நாற்காலியை இழுப்பாள். கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னார். செயலாளரே சத்தம் போட்டால் எப்படி என்று கேட்டார். நியாயம்தான். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினோம். மாத்திரையைக் காலையிலேயே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டோம், நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. பல மருந்துகளில், ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரம்தான். உங்கள் ஆஸ்பத்திரி வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிடாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள், நடுராத்திரியாக இருந்தாலும். அந்த நடுராத்திரிக்கு வேண்டியதைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். கேட் பூட்டுச் சாவி யாரிடம், நம் காருக்குப் பின்னால் யார் வண்டி நிற்கும், கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா? பல லிஃப்டுகளுக்குள் ஸ்ட்ரெச்சர் படுக்கை வாட்டில் நுழையாது. டேப் வைத்து அளந்து பாருங்கள். நுழையாவிட்டால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போதே சொல்லிவிட்டால், உட்கார வைத்து இறக்குகிற நாற்காலியோடு வருவார்கள்.

பக்கத்து ஃபிளாட்டில் சுவர் இடிக்கிறார்களா? அந்தத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது, வெள்ளையணு இறங்கியவருக்கு நுரையீரலைக் கெடுத்துவிடும். வேலையை நிறுத்தச் சொல்ல முடியாவிட்டாலும், இடிக்கிற நாளை முன்பே கேட்டு வாங்கிக்கொண்டு அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கலாம்.

சரி, இத்தனையும் கேட்க வேண்டுமென்றால் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே, யாரிடம் சொல்வது? அது நோயாளியின் முடிவு. அக்கா மூன்று வீடுகளுக்கு மட்டும் சொல்லலாம் என்றாள். அதில் ஒருவர் தயங்கித் தயங்கி, குழந்தைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டார். புற்றுநோய் ஒட்டாது. வெளியிலிருந்து கொடுக்கிற ரேடியேஷனும் வீட்டுக்குக் கூட வராது, மெஷினை நிறுத்தியதோடு சரி. தைராய்டு புற்றுநோய்க்கு உள்ளே கொடுக்கிற கதிரியக்க அயோடின் மட்டும் வேறு. அதற்குச் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்கச் சொல்வார்கள். இதைக் கோபப்படாமல் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம் பொடி டப்பாக்கள் வரும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் இதில்தான் குணமானார் என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும். நாங்கள் டப்பாவை வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டு, வேண்டாம் என்றார் என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். கொடுக்கும்போதே வேறு வேலையும் கேட்டுவிடுவேன்: வியாழக்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருப்போம், கூரியர் வந்தால் வாங்கி வைக்கிறீர்களா, பையன் பள்ளியிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் உட்கார வைத்துக்கொள்கிறீர்களா? அவர்களும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. ஒருவரும் மறுத்ததில்லை.

நன்றி, வணக்கம்.