பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

கோடைப் பண்பலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழி பிறந்ததும் எங்கள் கொடைக்கானலில் நிறைய வீடுகளில் சைக்கிளைத் துடைத்து, சாக்கைப் போட்டு மூடி, பின்கட்டில் சாத்திவிடுவார்கள். பனி போகட்டும், மாசி கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. மலையில் ஆசைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்திலேயே நல்ல காலம் இந்தப் பனிக்காலம்தான். அதைப் பற்றியும், அதற்கு எப்படிப்பட்ட சைக்கிள் வாங்கலாம் என்பதைப் பற்றியும் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

சித்திரை, வைகாசி சீசன். சாலையில் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சைக்கிளுக்கு இடம் ஏது? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மண் சரியும், மரம் விழும். மழை ஓய்ந்து மார்கழி பிற்பாதி வந்துவிட்டால் வானம் வெளுத்துவிடும். மலை விளிம்பில் உள்ள கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் கீழே வைகை அணைத் தண்ணீர் மின்னுவது தெரியும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். பொங்கல் கூட்டம் இறங்கிப் போன பிறகு ஒரு செவ்வாயோ புதனோ பூம்பாறை சாலையில் போய்ப் பாருங்கள். உங்கள் டயர் தார் மேல் உருளும் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

நான் மலையில் பிறந்தவள் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடி அக்காக்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊர் ஊராக ஓட்டக் கற்றுக்கொண்டோம். லேடீஸ் சைக்கிள் அப்போது அவ்வளவாகக் கிடைக்காது. பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் பழகினோம். பல பெண்கள் அதையே விரும்பவும் செய்தார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! அன்றைக்குப் பிடித்த ஹேண்டில்பாரை நான் விடவில்லை. கல்யாணமாகி மலைக்கு வந்தேன், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். சைக்கிளும் கூடவே ஏறி வந்துவிட்டது.

சரி, குளிருக்கு வருகிறேன்.

கொடைக்கானல் வந்தவர்களில் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் ஓட்டாதவர்கள் குறைவு. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இறக்கம் கிடையாது. ஆனால் பனிக்காலத்தில் விடியற்காலையில் ஊரிலேயே அதிகம் குளிரும் இடங்களில் அதுவும் ஒன்று. மேலே போகப் போகத்தான் குளிரும் என்று நினைப்போம். தெளிந்த வானம் உள்ள இரவில் கதை மாறிவிடும். தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஏரி இருப்பது பள்ளத்தில்தானே? அதனால்தான் ஏரியை ஒட்டிய புல்தரையில் உறைபனி உப்புப் பூத்த மாதிரி கிடக்கும்போது, மேட்டுத் தெருவில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஆசையாக ஐந்தரை மணிக்கே ஏரிக்கரைக்கு வந்து நடுங்குகிறார்கள். வெயில் தண்ணீரைத் தொட்ட பிறகு வாருங்கள். ஏழரை, எட்டு மணிக்குக் கிளம்பினாலே போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூக்கை மூடி ஒரு துணியும் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஏறும்போது குளிர் தெரியாது, வியர்க்கும். இறங்கும்போதுதான் குளிர் தெரியும். வெப்பமானி 5 டிகிரி காட்டுகிற காலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், முகத்துக்கும் கைக்கும் அது ஏறக்குறைய 0 டிகிரிக்குச் சமம். உள்ளே பருத்தி பனியன் வியர்வையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம், ஈரம் உடம்போடு ஒட்டிக்கொண்டு விடாது. உள்ளே மெல்லிய கம்பளியோ சீக்கிரம் காய்கிற துணியோ போடுங்கள். மேலே காற்றுப் புகாத ஒன்று. ஏறும்போது அதைக் கழற்றி கேரியரில் கட்டிவிடுங்கள், இறக்கம் தொடங்கும் முன் நின்று போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் இறங்கவே கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகன் கதை இருக்கிறது.

அவன் மதுரைக்காரன். ஒரு தை மாதம் புது சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். பார்க்க நல்ல கம்பீரமான வண்டி. தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், சீட்டுக்குக் கீழே இன்னொரு ஷாக், பச்சை ஸ்டிக்கர். "சித்தி, பூம்பாறைக்குப் போகலாம்" என்றான். போனோம். பூம்பாறை இங்கிருந்து 18 கிலோமீட்டர். போகும்போது பெரும்பாலும் இறக்கம், திரும்பும்போது அந்தக் கடனை அடைக்க வேண்டும்.

ஊர் தாண்டி, மரநிழல் அடர்ந்த சாலையில் இறங்குகிறோம். கையுறை போடு என்றால் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சத்தமே காணோம். நின்று திரும்பிப் பார்த்தால் ஓரமாக நிற்கிறான். விரல் வெளுத்துப் போயிருந்தது. "பிரேக்கைப் பிடிக்கிறேனா இல்லையான்னே தெரியலை சித்தி" என்றான். நேயர்களே, இதுதான் விஷயம். பிரேக் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும், அதை அமுக்குவது விரல். விரல் மரத்துப் போனால் பிரேக் இல்லாத வண்டிதான் அது. இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி, உணர்ச்சி வந்த பிறகு என் கையுறையில் ஒன்றை அவன் மாட்டிக்கொண்டு, அடிக்கடி நின்று கை மாற்றி மாற்றி மெல்ல இறங்கினோம். பூம்பாறையில் டீக்கடைக்காரர் அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுத்து, பழைய பேப்பர் இரண்டு தாளை எடுத்து, "தம்பி, இதை ஸ்வெட்டருக்குள்ள நெஞ்சுல வச்சுக்கங்க" என்றார். ஐரோப்பாவில் மலை உச்சியிலிருந்து இறங்கும் பந்தயக்காரர்கள் செய்கிற அதே வேலை. பேப்பர் காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

வெயில் ஏறிவிட்டது, திரும்பினோம். பூண்டு வயல் படிப்படியாகக் கீழே தெரிகிற அந்த ஏற்றத்தில் அவன் வண்டி நகரவே இல்லை. பெடலை அழுத்தினால் சீட் இறங்குகிறது, விட்டால் எழும்புகிறது. கால் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே போய்விடுகிறது. மெத்தை மேல் நின்று படி ஏறுகிற மாதிரி. சைக்கிளை மாற்றிக்கொண்டோம். என் வண்டியில் ஷாக் கிடையாது, ஸ்டிக்கரும் கிடையாது. அதில் உட்கார்ந்தபடியே ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வண்டியையும் கவிழ்த்து வைத்து, செயின் மாட்டுகிற சக்கரங்களில் சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, விடுவேனா? அவன் வண்டியில் முன்னால், பெடலோடு சுற்றுகிற செயின் வீல் ஒன்றுதான், 42 பல். பின்சக்கரத்தில் உள்ள ப்ரீவீலில் ஏழு பல் வட்டம், பெரியதில் 28 பல். 42-ஐ 28-ஆல் வகுத்தால் ஒன்றரை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும், ஆக 3 மீட்டருக்கு மேல். என் வண்டியில் முன்னால் சிறிய தட்டு 28 பல், பின்னால் பெரிய வட்டம் 34 பல். பெடல் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்கூட நகராது. மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும்! கியரே இல்லாத வண்டியில் முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். சமவெளியில் வத்தலக்குண்டில் அது அருமையான வண்டி. மலையில் தள்ளத்தான் வேண்டும்.

அதனால் கடைக்குப் போனால் 21 கியரா, 24 கியரா என்று கேட்காதீர்கள். பல் எத்தனை என்று கேளுங்கள். முன்னால் உள்ள சின்னத் தட்டில் எத்தனை, பின்னால் உள்ள பெரிய வட்டத்தில் எத்தனை. முன்னால் உள்ளது பின்னால் உள்ளதைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் மலைக்கு ஆகும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே எண்ணுங்கள். வெட்கப்படவே வேண்டாம், பல்லை எண்ணி வாங்குங்கள்.

ஷாக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறைந்த விலை வண்டிகளில் வரும் ஷாக் எடையைக் கூட்டுவதற்குத்தான் உதவும். காட்டுப் பாதையில், கல்லில் குதித்து ஓட்டுகிறவர்களுக்கு நல்ல ஷாக் தேவை, அது வேறு விலை. நம் தார்ச்சாலைக்கு, இடையிடையே உள்ள குழிக்கு, ஒன்றரையிலிருந்து 2 அங்குல அகல டயரே போதும். கட்டை கட்டையாகப் பொத்தான் வைத்த டயர் தாரில் கனக்கும், பள்ளம் குறைந்த டயராகப் பாருங்கள். கடையில் ஹைப்ரிட் என்று, மலை வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் இடைப்பட்ட ஒரு வகை வைத்திருப்பார்கள், முன்ஷாக் இல்லாத ஹைப்ரிட் கிடைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். குச்சி போன்ற டயர் உள்ள பந்தய வண்டி வேண்டாம். பனிக்காலத்தில் வெயில் படாத வளைவில் பாசி இருக்கும், தைலமர இலை நனைந்து கிடக்கும். அங்கே முன்பிரேக்கைப் பிடித்தபடி வளைந்தால் வண்டி வழுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

பிரேக்குக்கு வந்துவிட்டேன். ரிம்மைக் கவ்வுகிற பிரேக் கட்டை காய்ந்த சாலையில் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் பனியில் ரிம் நனைந்தால் முதலில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைக் கவ்வுகிற டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. எண்ணெயில் வேலை செய்கிற டிஸ்க் இன்னும் சுகம், மரத்த விரலுக்கும் லேசாக இருக்கும். ஆனால் பழுதானால் ஊர் மெக்கானிக்கால் எளிதில் பார்க்க முடியாது. கேபிளில் இழுக்கிற டிஸ்க்கே போதும் என்பது என் எண்ணம். எந்த பிரேக்கானாலும் விடாமல் அமுக்கிக்கொண்டே இறங்காதீர்கள், சூடேறிவிடும். இரண்டையும் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். விரலுக்கும் அது ஓய்வு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் குறைவு என்று கை காட்டுகிறார்கள். வண்டி அளவைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பாருக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றால் இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட் உயரம். சுடிதார் போடுகிற பெண்கள் செயின் கவர் உள்ள வண்டியாகப் பாருங்கள், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மட்கார்டு இரண்டும் வேண்டும். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. சாலையில் காட்டுமாடு நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், ஓரமாக நுழைந்து போகவும் பார்க்காதீர்கள், அது நகரும்வரை காத்திருங்கள். மேகம் இறங்கினால் பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். பாட்டரியை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும். நன்றி, வணக்கம்.